அரெத்தூசாவை யாரும் கேட்கவில்லை

ஒக்டோபர் 7

இன்று அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். உப்பு. கடல் உப்பு இல்லை. கறிக்குக் கைதவறிக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்ட உப்பு.

எடுத்த விதம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் எழுதுகிறேன். ஹொட்டேல் குளியலறைகளில் வைக்கிற குட்டி ஷாம்பூப் போத்தல் ஒன்றைக் கழுவி, கழுத்தில் நூலைக் கட்டி, கம்பி வேலிக்கு மேலால் இறக்கினேன். கீழே நின்ற வாத்து அதைத் தின்கிற சாமான் என்று நினைத்து இரண்டு கொத்துக் கொத்தியது. அதனுடன் இழுபறிப்பட்டு அரைப் போத்தல் தண்ணீர் எடுத்தேன்.

சிசிலித் தீவில், சிராகூசாவின் பழைய நகரத்தில், கடலோரத்து ஹொட்டேல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிறேன். வாசலைத் தாண்டினால் ஒரு வட்டக் குளம். குளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மதில்தான். குளத்துக்குள் பப்பிரசுப் புல் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது, எங்கள் ஊர்க் கோரையின் பெரியண்ணன். இதற்கு அரெத்தூசா ஊற்று என்று பெயர். கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிற அதிசயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குடித்துப் பார்த்தவர் ஒருவரையும் காணவில்லை. எனக்கு அது பொறுக்காது.

குமாரி அக்காவிடம் சொன்னேன். அவ ஹொட்டேல் சமையலறையில் வேலை. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். என்னை இங்கே எடுப்பித்ததும் அவதான், அறையில் பாதி தந்ததும் அவதான்.

"உனக்கு விசரே? வாத்துக் குளிச்ச தண்ணியைக் குடிக்கிறாய்."

"நாக்கில தொட்டுத்தான் பாத்தனான்."

"நாளைக்கு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வா, சொல்லுறன்."

ஒக்டோபர் 8

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஒக்டோபர் 11

ஆகத்தா என்று ஒருத்தி. சிவப்புக் குடையை மேலே தூக்கிப் பிடித்து வெளிநாட்டு ஆட்களை அழைத்துக்கொண்டு திரிகிற வழிகாட்டி. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கால் நொந்தால் எங்கள் ஹொட்டேல் படியில் வந்து குந்திச் சிகரெட் பிடிப்பாள். அவள் பேசுவது இத்தாலியன். இங்கே எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். அவளுடைய பாஷை எனக்கு எழுத்துக் கூட்ட வராது.

அவள் குளத்தடியில் சொல்லுகிற கதை எனக்குப் பாடம். அரெத்தூசா கிரேக்க நாட்டுக்காரி. பெரிய தெய்வம் இல்லை, கோயிலும் பெரிதாக இல்லை; வேட்டைத் தெய்வம் ஆர்த்தெமிசுக்குப் பின்னால் வில்லோடு திரிகிற தோழிப் பெண்களில் ஒருத்தி. ஒரு நாள் வெயில் தாங்காமல் ஆற்றில் இறங்கினாள். அந்த ஆறு வெறும் ஆறு இல்லை, அல்ஃபேயோ என்ற தேவன். கண்டதும் அவனுக்குக் காதல். அவள் கடலுக்கு அடியால் வந்து இந்தத் தீவில் ஊற்றாக எழும்பினாள். அவனும் கடலுக்கு அடியாலேயே வந்து அவளோடு கலந்துவிட்டான். இந்த இடத்தில் ஆகத்தா குடையை நெஞ்சில் சாய்த்து, கடலாலும் பிரிக்க முடியாத காதல் என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள்.

இன்று கேட்டே விட்டேன். "அவளுக்கு விருப்பமோ?"

"ஆருக்கு?"

"அரெத்தூசாவுக்கு. விருப்பமெண்டால் ஏன் கடலுக்கு அடியால வந்தவள்?"

ஆகத்தா புகையை விட்டாள். "பத்து வருசமாச் சொல்லுறன். ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை."

"நீ கேட்டனியோ?"

"எனக்குக் கால் நோகுது," என்றாள்.

ஒக்டோபர் 19

மழை. ஆட்கள் இல்லை. ஆகத்தா இன்னொன்று சொன்னாள்: கிரேக்க நாட்டில் அந்த ஆற்றில் ஒரு கிண்ணத்தைப் போட்டால் இந்தக் குளத்தில் வந்து மிதக்குமாம்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சங்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று எங்கள் ஆட்களும் சொல்வார்கள். கீரிமலையும் இப்படித்தான், கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர்.

"மிதந்ததை ஆரும் கண்டவையோ?" என்று ஆகத்தா கேட்டாள்.

"இல்லை. இங்க?"

"இங்கயும் இல்லை."

உப்பையும் விசாரித்தேன். பழைய நிலநடுக்கங்களில் பாறை வெடித்துக் கடல் உள்ளே வந்திருக்கும் என்று சொல்கிறார்களாம். அப்படியென்றால் அவளோடு கலந்திருப்பது ஆறு இல்லை, கடல். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். எனக்கு இப்படியான பதில்தான் நித்திரை தரும்.

திரும்பும்போது குமாரி அக்கா என்னைக் கம்பியோரம் நிறுத்திப் படம் எடுத்தா. எடுத்த கையோடு பேஸ்புக்கிலும் போட்டுவிட்டா. பின்னால் பப்பிரசு, பக்கத்தில் ஹொட்டேல் பெயர்ப்பலகை. அழிக்கச் சொன்னேன். "வடிவா இருக்கிறாய், விடு," என்றா.

ஒக்டோபர் 30

அம்மா போன் எடுத்தா. முதலில் மழை, பிறகு முருங்கை, பிறகு தங்கச்சி சாருவின் பரீட்சை. கடைசியில்தான் விஷயம்.

"உன்னைக் கட்டவெண்டு நிண்ட யசோதரனும் இத்தாலிக்கு வந்திட்டானாம். தோட்ட வேலை விசாவில. கத்தானியாவில நிக்கிறானாம். உன்ர படத்தைப் பாத்து இடத்தைக் கண்டுபிடிச்சிட்டான். எவ்வளவு பாசமெண்டால் பிள்ளை, உனக்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறான்."

குளத்து வாத்துகள் உப்புத் தண்ணீர் குடிக்குமா, இல்லை வேறெங்கும் போய்க் குடிக்குமா என்பதை நாளைக்குக் கவனிக்க வேண்டும்.

நவெம்பர் 3

என் கேள்வி ஆகத்தாவையும் அரித்திருக்கிறது. வீட்டில் பழைய புத்தகங்களைக் கிண்டிவிட்டு வந்தாள்.

"ஓடினவள்தான்," என்றாள். "உடுப்பு மற்றக் கரையில. எடுக்கவும் நேரமில்லை. காடு, மலை, வயல் எல்லாம் ஓடினவள். கால் ஏலாமப் போகத் தன்ர தெய்வத்தைக் கூப்பிட்டவள். தெய்வம் மேகத்தை இறக்கி அவளை மூடினது."

"பிறகு?"

"அவன் மேகத்தைச் சுத்திச் சுத்தி வந்தவன். வெளியில போன கால்தடம் இல்லை. உள்ளுக்குத்தான் நிக்கிறாள் எண்டு விளங்கிட்டுது. அப்படியே நிண்டவன். அவளுக்குப் பயத்தில வேர்த்தது. வேர்த்து வேர்த்து அந்த வேர்வையே அவளாப் போச்சு. அப்பிடித்தான் தண்ணியானவள்."

அவன் துரத்தியதைவிட நின்றதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

நவெம்பர் 9

மேல்மாடியில் யன்னல் துடைக்கும்போது கண்டேன். கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு யசோதரன் நிற்கிறான். உள்ளே வரவில்லை, கூப்பிடவில்லை. ஊரில், அளவெட்டியில் என் கணினி வகுப்புக்கு வெளியே நின்ற அதே மாதிரி.

அந்த யன்னல் இன்று நன்றாகத் துப்புரவாகிவிட்டது.

நவெம்பர் 10

ஆகத்தாவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் கொஞ்சம்: அறை, துவாய், வாளி, நேற்று, கை, சூடு, நோவு. சொற்கள் குறைவு என்றபடியால் சுற்றிவளைக்க வழியில்லை. அவளுடைய சிகரெட் பாதி எரிவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன்.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாவுக்கு அது ஸ்திரிக்கைப்பெட்டி சுட்டது."

"பொலிசுக்குப் போவம்."

"நடந்தது அங்க. இங்க சும்மா நிக்கிறான், அவ்வளவுதான்."

"நிக்கிறது சும்மாவோ?" என்றாள். கோபம் வந்தால் ஆகத்தாவுக்குக் காது சிவக்கிறது.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. தமிழில் எழுதினால் வாசித்துப் பார்க்க வேண்டிவரும்.

நவெம்பர் 16

குமாரி அக்கா ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி வைத்து, கத்தானியாவிலிருந்து பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டு, யசோதரனை அறைக்கு வரவழைத்துவிட்டா. எனக்குச் சொன்னது அவர்கள் படியேறி வரும்போதுதான். அவவில் கோபிக்க முடியவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தா.

அவன் நல்ல வெள்ளைச் சேர்ட். எல்லோருக்கும் முதலில் தட்டை நீட்டிவிட்டுத்தான் தான் எடுத்தான். பெரியவருக்கு அதிலேயே மனம் குளிர்ந்துவிட்டது.

"நான் அவசரப்படுத்தேல்லை அங்கிள். நிரோ ஆறுதலா யோசிக்கட்டும்."

"யோசிச்சிட்டன். வேண்டாம்," என்றேன்.

"காரணமொண்டு சொல்லவேணும் பிள்ளை," என்றார் பெரியவர்.

"வேண்டாமெண்டதுதான் காரணம்."

யசோதரன் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான். "அவ எனக்கு ஒருக்கா ஓம் எண்டு சொன்னவ. கேட்டுப் பாருங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன்தான். எப்படிச் சொன்னேன் என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. ஒருவரும் கேட்கவில்லை. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

போகும்போது குசினி வாசலில் நின்று சிரித்தான். "பரவாயில்லை நிரோ. எப்படியும் நாங்கள் சொந்தக்காரர் ஆகத்தான் போறம்."

என்ன கருத்தோ. வெட்கத்தை மறைக்கச் சொல்லியிருப்பான்.

நவெம்பர் 17

குமாரி அக்கா என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்திருந்தா.

டிசெம்பர் 4

கம்பியடியில் ஆள் இல்லை. ஒரு கிழமையாக இல்லை. கத்தானியாவில் தோடம்பழம் பிடுங்குகிறானாம். குளத்தைச் சுற்றி முழுதாக ஒரு தரம் நடந்தேன். வாத்துகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

டிசெம்பர் 20

சாரு எடுத்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது, குரலுக்குப் பன்னிரண்டு. அங்கே குளிர் எப்படி, கோட்டு மொத்தமாக வேண்டுமா, இத்தாலியன் படிப்பது கஷ்டமா என்று கேள்விமேல் கேள்வி.

"ஏன்டி, வரப் போறியோ?"

"சும்மா கேட்டனான்." பிறகு, "அக்கா, யசோதரன் அண்ணா அவ்வளவு கூடாத ஆளோ? எல்லாரோடயும் மரியாதையாத்தானே கதைக்கிறார்."

"மரியாதைக்கு என்ன குறை," என்றேன். பின்னால் அம்மா கூப்பிட்டா, வைத்துவிட்டாள்.

இங்கே வந்து படிக்க ஆசைப்படுகிறாள் போல. என்னிடம் கேட்கக் கூச்சம். ஆகத்தாவிடம் பள்ளிக்கூடங்களைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

டிசெம்பர் 21

விசாரித்தேன். செலவு கூட. ஆனாலும் பார்ப்போம்.

ஜனவரி 15

தைப்பொங்கலுக்கு அம்மா எடுக்கவில்லை. நான் எடுத்தபோதும் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டா. மத்தியானம் குமாரி அக்காவின் சர்க்கரைப் பொங்கலை ஆகத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சோற்றில் சர்க்கரையா என்று பயந்து, இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.

அவளிடம் புதிதாக ஒன்று இருந்தது. பயிர்களைக் காக்கிற தெய்வம் தெமேத்தர். அவளுக்கு ஒரு மகள். பூப்பிடுங்கப் போன இடத்தில் பாதாள ராசா தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய் உலகமெல்லாம் தேடினாள். ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

"அரெத்தூசாவுக்குத் தெரியும்," என்றாள் ஆகத்தா. "அவள் நிலத்துக்கு அடியால வந்தவள்தானே. வாற வழியில அந்தப் பெட்டையைக் கண்டவள். ராசாத்தியாத்தான் இருந்ததாம், ஆனால் முகத்தில பயம் போகேல்லையாம். இவள் தண்ணிக்குள்ளால தலையைத் தூக்கி, ஈர முடியை ஒதுக்கிவிட்டு, தாய்க்குச் சொன்னவள்."

"தாய் இவளை ஏசினவவோ?"

"அப்படி ஒண்டும் எழுதியில்லை. கல்லு மாதிரி நிண்டவவாம். பிறகு நேர தேரில ஏறிப் போயிட்டா."

"இதை ஏன் ஆக்களுக்குச் சொல்லுறேல்லை?"

"குடை பிடிச்சுக்கொண்டு சொல்ல இது நீளம்."

மூன்று கதையிலும் எனக்கு இதுதான் பிடித்தது. இதில் அவள் யாருக்கும் பயந்து ஓடவில்லை.

ஜனவரி 23

எழுத்து கோணல்.

விடிய எழும்பியபோது குமாரி அக்கா கேசரி கிண்டிக்கொண்டிருந்தா. என்ன விசேஷம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா.

"இண்டைக்கு அங்க பொன்னுருக்கு. சாருவுக்கும் யசோதரனுக்கும். அவன் போன கிழமையே போயிட்டான். உனக்குச் சொல்லவேண்டாமெண்டு கொம்மா கேட்டவ."

அக்கா சொல்லிக்கொண்டே போனா. நான் ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாறிவிட்டேனாம். அம்மாவுக்கு அது பெரிய தலைகுனிவாம். நான் கொடுத்த வாக்கைத் தங்கச்சியால் தீர்க்கிறாவாம். சாருவுக்கும் விருப்பம்தானாம். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு அது, மாப்பிள்ளை வீட்டில் நகை செய்கிற பத்தர் வந்து உருக்குவார்; மாமா போயிருக்கிறார். அப்பா இல்லை, அம்மா கைம்பெண், போக மாட்டா. பொன் உருகும் இடத்தில் கைம்பெண் நிற்கக் கூடாது என்பார்கள். நின்றால் அந்தப் பொன்னைத் தாலிக்குத் தொட மாட்டார்கள். உருகிவிட்டால் பிறகு கல்யாணத்தை நிறுத்துவாரும் இல்லை.

அங்கே காலை பாதி கழிந்திருக்கும். முகூர்த்தம் மத்தியானத்துக்குக் கிட்ட. அம்மாவுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். திரும்பவும் எடுத்தேன்.

"கோபிக்காத பிள்ளை, நான் பின்னேரம் சொல்லத்தான்..."

"அம்மா, என்ர கையைச் சுட்டது ஸ்திரிக்கைப்பெட்டி இல்லை."

"என்ன?"

இத்தாலியனில் இருந்த அந்தக் கொஞ்சச் சொற்களையே ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்து வைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

"யசோதரன். வகுப்பு முடிஞ்சு வரேக்க ஒழுங்கையில மோட்டச்சைக்கிளைக் குறுக்க விட்டவன். என்னைக் கட்டுறனெண்டு சொல்லு எண்டவன். நான் சொல்லேல்லை. கையைப் பிடிச்சுச் சைலன்சரில வச்சு அமத்தினவன். ஓம் எண்டு சொல்லுமட்டும் எடுக்கேல்லை. நான் ஓம் எண்டு சொன்னது அப்பதான் அம்மா."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது மட்டும் கேட்டது. நீ என்ன செய்தனீ, ஏன் அந்த ஒழுங்கையால் வந்தனீ என்று கேட்பா என்று காத்திருந்தேன். இத்தனை காலமும் அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

அம்மா கேட்கவில்லை. போனைத் துண்டிக்கவும் இல்லை. எங்கோ வைத்துவிட்டா. தூரத்தில் குரல் மட்டும் வந்தது. "தம்பி, ஓட்டோவை எடு, மாப்பிள்ளை வீட்டுக்கு. கெதியா."

குமாரி அக்கா அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் குந்திவிட்டா. கேசரி அடிப்பிடித்த மணம் அறை முழுக்க. கொஞ்ச நேரம் கழித்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

பின்னேரம் வரை ஒரு செய்தியும் இல்லை. அறைகள் எல்லாவற்றையும் செய்தேன். எந்த அறையை எப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

ஜனவரி 24

அம்மா காலையில் எடுத்தா.

"உருக்கேல்லை," என்றா முதலில். பிறகுதான் மிச்சம்.

"பத்தர் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தவர். உருக்கிற பவுண் காசு தட்டில இருந்தது. நான் உடுத்த சீலையோட நேர உள்ளுக்குப் போய் நெருப்புக்குப் பக்கத்தில நிண்டனான். எல்லாரும் எழும்பிட்டினம். நீங்கள் இங்க வரப்படாது எண்டு அவன்ர தாய்க்காரி கத்தினவ. தெரியும், அதுதான் வந்தனான் எண்டன்."

"அவன்?"

"அவனைப் பாத்து, என்ர மூத்தவளின்ர கையை என்ன செய்தனீ எண்டு கேட்டன். வாய் திறக்கேல்லை. பத்தர் இடுக்கியைக் கீழ வச்சிட்டார். மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்." கொஞ்சம் மூச்சு வாங்கினா. "ஊர் கதைக்குது. கதைக்கட்டும்."

"சாரு?" என்றேன்.

"சாரு என்னோட கதைக்கிறாள் இல்லை. ராத்திரி முழுக்க அழுகை. நீ எரிச்சலில கதை கட்டிவிட்டாயாம். நான் சொல்லி நம்பமாட்டாள், பிள்ளை. நீ சொல்லு. நான் பக்கத்தில இருக்கிறன்."

போன் கைமாறியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"சொல்லு," என்றாள் சாரு.

ஒழுங்கையிலிருந்து தொடங்கினேன்.